அமுக்கியல்: வெண்ணெய்ப் பழம் குறித்து ஒரு கட்டைவிரல் ஆய்வு

பழக்கடையில் வெண்ணெய்ப் பழக் குவியலுக்கு முன்னால் நிற்பவரைச் சற்றுத் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். ஒன்றை எடுப்பார். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பும்வரை காத்திருப்பார். கட்டைவிரலால் ஓர் அமுக்கு, முகத்தில் ஆழ்ந்த யோசனை, பழம் மறுபடி குவியலுக்கு. பிறகு அடுத்தது. உலகெங்கும் இத்தனை பேர் இத்தனை சிரத்தையோடு செய்துவரும் இந்தச் சோதனைக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் தனித்துறை கிடையாது. அக்குறையைப் போக்கும் பொருட்டு, அமுக்கியல் என்னும் புதுத்துறையை இக்கட்டுரை பணிவோடு முன்மொழிகிறது.

துறை தோன்றக் காரணம் பழத்தின் பிடிவாதம். வெண்ணெய்ப் பழம் மரத்தில் முற்றும், ஆனால் பழுக்காது. முற்றிய காய் மாதக்கணக்கில்கூடக் கிளையிலேயே கல்லாகத் தொங்கும். பறித்த பிறகுதான் எத்திலீன் வாயு சுரந்து, நாலைந்து நாளிலோ பத்து நாளிலோ இளகும். அதையும் சத்தமில்லாமல் உள்ளுக்குள் முடித்துக்கொள்ளும். மாம்பழம்போல வாசனை காட்டி ஊரைக் கூட்டுகிற பழக்கமெல்லாம் அதற்கு இல்லை.

ஆதியில் அமுக்குவோர் இல்லை. பெருங்கொட்டைப் பழங்களை முழுசாக விழுங்கி, வேறிடத்தில் சாணத்தோடு விதையைப் போட்டவை யானைக்கு உறவான கோம்போதீர் போன்ற பெருவிலங்குகள் என்று டேனியல் ஜான்சென், பால் மார்ட்டின் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1982-இல் எழுதினார்கள். அந்தக் கருத்தை வெண்ணெய்ப் பழத்துக்கும் பொருத்திச் சொல்வது வழக்கம். கோம்போதீர் அமுக்கிப் பார்த்ததற்குச் சான்று ஏதுமில்லை; அமுக்க அதற்குக் கட்டைவிரலும் இல்லை. அவ்விலங்குகள் அழிந்தபின் பழத்தைக் காப்பாற்றியவன் மனிதன். மெக்சிகோவின் புவெப்லா மாநிலத்திலுள்ள காக்ஸ்கட்லான் குகையில் கிடைத்த எச்சங்கள், பல்லாயிரம் ஆண்டுகளாகவே அங்கே இதைத் தின்றுவந்திருக்கிறார்கள் என்று காட்டுகின்றன.

அமுக்கியலுக்கு முதல் அடி கொடுத்தவர் ஒரு தபால்காரர். ருடால்ஃப் ஹாஸ் என்பவர் 1920-களில் கலிபோர்னியாவின் லா ஹாப்ரா ஹைட்ஸில் சிறு தோப்பு ஒன்றை வாங்கி, விதை ஊன்றிக் கன்றுகள் வளர்த்தார். அப்போது மவுசு ஃபுயெர்தே என்ற பச்சைத்தோல் ரகத்துக்குத்தான். அதையே எல்லாக் கன்றிலும் ஒட்டுக்கட்டினார். ஒரே ஒரு கன்று மட்டும் ஒட்டை ஏற்கவே இல்லை. வெட்டிவிடலாம் என்றிருந்தவர் எப்படியோ விட்டுவைக்க, அது காய்த்தது. கரடுமுரடான தோல், பழுக்கப் பழுக்கக் கருமை ஏறும். கறுத்த பழத்தை யார் வாங்குவார் என்று சந்தையில் தயங்கினார்கள். தின்று பார்த்தவர்கள் தயங்கவில்லை. 1935-இல் ஹாஸ் காப்புரிமை பெற்றார். ஒரு மரத்தை வாங்கியவர்கள் ஒட்டுக்கட்டித் தோப்பையே நிரப்பிக்கொண்டதால், அதில் அவர் கண்ட வருமானம் ஐயாயிரம் டாலரைக்கூடத் தொடவில்லை. தபால் பையை அவர் இறக்கிவைக்கவும் இல்லை. இன்று உலகச் சந்தையில் விற்பவற்றில் பெரும்பகுதி அவர் பெயர் தாங்கிய பழம்தான். தாய்மரம் வேரழுகல் நோயில் 2002-இல் பட்டுப்போனது. பழுத்ததைத் தோலின் நிறமே சொல்லிவிடுவதால் இனி கட்டைவிரலுக்கு வேலையில்லை என்று நினைத்தால் அது தவறு. கறுத்த பழத்தையும் அமுக்கிப் பார்த்தால்தான் வாங்குகிறவருக்கு மனம் ஆறுகிறது.

இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்து, கொடைக்கானல் கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் ஊன்றிய மரங்களின் கதை வேறு. அங்குள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்று ஒரு ரகத்தையே கொடுத்திருக்கிறது. மலையில் விளைபவற்றில் பல, பழுத்தும் பச்சையாகவே இருக்கும். எனவே அங்கே குலுக்கல் மரபு ஒன்று உண்டு: பழத்தைக் காதருகே பிடித்து ஆட்டினால் கொட்டை உள்ளே ‘லொடக்’ என்று பேசும். பேசினால் பழுத்தது. காம்புக் குமிழை நெம்பி அடியில் பச்சை தெரிகிறதா என்று பார்க்கும் மூன்றாவது மரபினரும் இருக்கிறார்கள். அவர்கள் நெம்பிய வழியாகப் பூஞ்சையும் உள்ளே நுழையும் என்பதால் இத்துறை அவர்களை அங்கீகரிக்கவில்லை.

இனி அறநெறி. அமுக்கிய தடம் உடனே தெரிவதில்லை. ஓரிரு நாள் கழித்து உள்ளே பழுப்புத் திட்டாக, அதுவும் வேறொருவர் வீட்டுத் தட்டில் தெரியும். செய்தவன் ஒருவன், அனுபவிப்பவன் இன்னொருவன் என்பதால் வினைக்கோட்பாட்டுக்கே இது சவால். ஆனால் கணக்கு வேறு வழியில் நேராகிவிடுகிறது. உள்ளங்கையில் பழத்தை வைத்துக்கொண்டு கத்தியால் கொட்டையைக் குத்துகிறவர்கள் கையையும் சேர்த்துக் குத்திக்கொண்டு வருவது பெருகியதால், பழத்தில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று 2017-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர்கள் கேட்டார்கள்.

அடுத்து, சத்து. பழத்தின் நூறு கிராமில் 160 கலோரியும் 15 கிராம் கொழுப்பும் உண்டு. கொழுப்பில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெயிலுள்ள ஒலியிக் அமிலம். நார்ச்சத்து ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவு. பொட்டாசியம் வாழைப்பழத்தைவிட அதிகம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முப்பதாண்டுவரை தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வு 2022-இல் வெளிவந்தது. வாரம் இருமுறை அரைப்பழம் தின்றவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் 16 விழுக்காடு குறைவாக இருந்தது. தின்றதால்தான் குறைந்தது என்று அது நிரூபிக்கவில்லை. அதே ஆண்டின் வேறொரு சோதனையில் ஆறு மாதம் தினம் ஒரு பழம் கொடுத்தார்கள். தொப்பையை அமுக்கிப் பார்க்காமல் எம்.ஆர்.ஐ. எடுத்தே அளந்தார்கள். உட்கொழுப்பு அசையவில்லை.

உண்ணும் முறையில் வடகலை தென்கலை போல இரு கட்சி. மெக்சிகோ உப்புக் கட்சி: வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சையோடு மசித்துவிடும். பிரேசில், வியட்நாம், இலங்கை எல்லாம் சர்க்கரைக் கட்சி. இந்தோனேசியாவில் சாக்லேட் பாகே ஊற்றுவார்கள். நம் ஜூஸ் கடைகளும் அந்தப் பக்கம்தான். மீந்த பாதியில் கொட்டையை விட்டுவைத்தால் கறுக்காது என்ற நம்பிக்கை மட்டும் இரு கட்சிக்கும் பொது. உண்மையில் கொட்டை மூடியிருக்கும் இடம்தான் தப்பும். மற்ற இடமெல்லாம் காற்றுப்பட்டுக் கறுக்கும். எலுமிச்சைச் சாறு தடவிக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் மறுநாள்வரை தாங்கும். எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் அதைச் சப்பாத்தி மாவோடு பிசைந்துவிடுகிறார்கள்.