ஃபிளிண்டர்ஸ் மலைக்கு மூன்று குக்கர்

ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் யார் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறதோ, அந்த மேத்யூ ஃபிளிண்டர்ஸ் அதில் ஏறியவர் இல்லை. 1802 மார்ச்சில் ஸ்பென்சர் வளைகுடாவின் உச்சி வரைக்கும் கப்பலைக் கொண்டுவந்தார், கரைக்கு அப்பால் நீளமாகக் கிடந்த மலைகளைப் பார்த்தார், வரைபடத்தில் குறித்துக்கொண்டார். கூட வந்த தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன்தான் மூச்சு வாங்க நடந்துபோய் ஒரு மலையில் ஏறினார். அந்த ஒரு மலைக்கு மட்டும் மவுண்ட் பிரவுன் என்று பெயர். பார்த்தவருக்கு மொத்தத் தொடரும், ஏறியவருக்கு ஒற்றை மலையும். அலுவலகத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதாக இருக்காது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இதே ஏற்பாடுதான். ‘ஃபிளிண்டர்ஸ் கேம்பிங்’ என்று பெயர் வைத்து, அந்தத் தொடரில் உள்ள வில்பினா பவுண்டின் படத்தை முகப்பில் ஒட்டி, அட்மின் பதவியை எடுத்துக்கொண்டவர் கோவை அண்ணன். வேலை எல்லாம் மற்றவர்களுக்கு. நாலு குடும்பம்: நாங்கள், கோவை அண்ணன் வீடு, மதுரை அக்கா வீடு, யாழ்ப்பாணத்து அண்ணர் வீடு. இதில் கடைசியாகச் சொன்னவர் அடிலெய்டுக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்தவர், ஃபிளிண்டர்ஸுக்குப் பலமுறை போய்வந்தவர். ஆகவே அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை. இவர்களோடு, மகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் என் மாமனார். ஓய்வுபெற்ற சர்வேயர். அவரைக் குழுவில் சேர்த்தது என் மனைவி. அன்றிலிருந்து குழுவுக்குக் காலை வணக்கம் பூவோடு வருகிறது.

அடிலெய்டிலிருந்து வில்பினா வடக்கே ஏறக்குறைய 430 கிலோமீட்டர். காரில் ஐந்து மணி நேரம். தமிழர்களோடு போனால் எட்டு.

முதலில் தேதி. கோடையில் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், போகிறவர் குறைவு. ஆகவே குளிர்காலம், ஜூலை பள்ளி விடுமுறை என்று சட்டென்று முடிவாகிவிட்டது. எந்த வார இறுதி என்பதில்தான் சண்டை. பெரிய ஊர்களின் விளக்கு எட்டாத வானம் அது. நிலா இல்லாத இரவில் பால்வெளி முழுசாகத் தெரியும், அதனால் அமாவாசைக்குப் போகலாம் என்றார் கோவை அண்ணன். அமாவாசை என்றால் எங்கள் வீட்டில் வெங்காயம் பூண்டு கிடையாது, மலையில் போய் வெங்காயம் இல்லாமல் என்ன சமைப்பது என்று கேட்டார் மதுரை அக்கா. அதற்குப் பதில் பௌர்ணமிக்குப் போனால் நிலாச்சோறு சாப்பிடலாமே என்பது அவர் கட்சி. வானியலா, வெங்காயமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. வெங்காயம் வென்றது. ஆனால் பௌர்ணமி ஆடியில் வருகிறது, ஆடியில் புதுக் காரியம் எதுவும் தொடங்கக்கூடாது என்று என் மாமனார் ஒரு குரல்பதிவு போட்டார். டென்ட் அடிப்பது புதுக் காரியத்தில் சேருமா என்ற கேள்விக்கு இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. கடைசியில் நிலா பாதி இருக்கும் ஒரு வார இறுதியை எடுத்தோம். நட்சத்திரக்காரருக்கும் திருப்தி இல்லை, நிலாச்சோற்றுக்காரருக்கும் திருப்தி இல்லை என்பதால் அது நியாயமான முடிவாகத்தான் இருக்கவேண்டும்.

அடுத்தது இடம். கூடாரம் எங்கே அடிப்பது என்று கேட்டால், எந்தத் தமிழனும் யோசிக்காமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு: ஆற்றங்கரையில், மரநிழலில். கோவை அண்ணன் படமே அனுப்பிவிட்டார். வெண்மணல் படுகை, இரண்டு பக்கமும் யானைக்கால் பருமனில் யூகலிப்டஸ் மரங்கள். இங்கே ரிவர் ரெட் கம் என்பார்கள். யாழ்ப்பாணத்து அண்ணர் நீண்ட மௌனத்தைக் கலைத்தார்.

“தம்பி, உந்த மரத்துக்குக் கீழ படுக்கக் கூடாது. காத்தே அடிக்காட்டியும் பெரிய கொப்பு முறிஞ்சு விழும்.”

“அப்ப ஆத்து மணல்ல போட்டுக்கலாம்ணே, தண்ணிதான் இல்லியே.”

“தண்ணி இல்லாத ஆத்திலதான் பயம். மேல எங்கயோ மழை பெய்ஞ்சா இஞ்ச வெள்ளம் வரும். உங்களுக்கு மேல ஒரு முகிலும் இராது.”

அவர் சொன்ன இரண்டும் சத்தியம். பூங்காக்காரர்களின் எச்சரிக்கைகளிலும் இருக்கிறது. ஆனால் மரமும் வேண்டாம், ஆறும் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது பொட்டல். பொட்டலில் படுக்கவா இவ்வளவு செலவு என்று குழு கொஞ்ச நேரம் சோகத்தில் ஆழ்ந்தது.

சோகத்தைப் போக்கியது மின்சாரம். வில்பினா முகாமில் மின் இணைப்பு உள்ள இடங்களும் உண்டு, கடை உண்டு, சுடுதண்ணீர்க் குளியலும் உண்டு என்று மதுரை அக்கா கண்டுபிடித்தார். இயற்கையோடு ஒன்றிப்போக வேண்டும், போனையே அணைத்துவைக்க வேண்டும் என்று அதுவரை பேசிய கோவை அண்ணனிடம் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தேங்காய்ச் சட்னியை நீங்க அம்மியில அரைக்கிறீங்களா அண்ணே?” மின் இணைப்புள்ள இடம் பதிவாயிற்று. மிக்ஸி பட்டியலில் ஏறியது. அதன் பின்னால் ரைஸ் குக்கர், அதில் எல்லாம் வேகாது என்று பிரஷர் குக்கர், பருப்புக்குத் தனியாகச் சின்ன குக்கர், யாழ்ப்பாண வீட்டிலிருந்து இடியப்ப உரல்.

விறகடுப்புப் பிரியாணி மட்டும் கோவை அண்ணனின் நீண்டகாலக் கனவு. சுள்ளி பொறுக்கிக் கொண்டுவந்து மூட்டிவிடலாம் என்று நினைத்திருந்தார். தேசியப் பூங்காவுக்குள் விறகு பொறுக்கக்கூடாது. காய்ந்து விழுந்த கட்டையில்தான் பல்லியும் பூச்சியும் குடியிருக்கின்றன. வெளியே காசு கொடுத்து வாங்கி வரவேண்டும். அதையும் தீ அபாயக் காலத்தில் எரிக்கக்கூடாது, குளிர்காலத்தில் குறித்த இடத்தில் மட்டும். அண்ணன் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். ஒரு மூட்டை விறகின் விலையைப் பார்த்த பிறகு, கேஸ் அடுப்பிலும் பிரியாணி நன்றாகத்தான் வரும் என்று அவராகவே எழுதினார்.

பெரிய சிக்கல் இட்லி மாவில் வந்தது. ஜூலை இரவில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழும் இறங்கும். காலையில் கூடாரத் துணியில் உறைபனி படிந்திருக்கும். அந்தக் குளிரில் மாவு எப்படிப் புளிக்கும்? புளித்த மாவையே கொண்டுபோகலாம் என்றால் ஐந்து மணி நேரக் காரில் பொங்கி வழியும், அந்த வாடை கார் விற்கும்வரை போகாது. என் மனைவி அன்று மாலை கேம்பிங் கடையில் நின்றுகொண்டு எனக்கு ஒரு படம் அனுப்பினாள். ஸ்லீப்பிங் பேக், மைனஸ் ஐந்து டிகிரி வரை தாங்கும் என்று அட்டை தொங்கியது. யாருக்கு என்று கேட்டேன். மாவுக்கு என்றாள். மனிதர்களுக்கு வீட்டிலிருக்கும் ரஜாய் போதும் என்பது அவள் கணிப்பு.

வண்டி விஷயத்தில் கோவை அண்ணன் அடங்கவில்லை. ‘அவுட்பேக்’ என்றாலே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், முன்னால் கங்காரு மோதினால் தாங்கும் கம்பி வேண்டும், கூரைவரை எழும்பிய ஸ்நார்க்கல் வேண்டும் என்று வாடகை விலை விசாரித்துக்கொண்டிருந்தார். வில்பினா வரைக்கும் நல்ல தார்ச்சாலை. அங்கிருந்து பிராக்கினா பள்ளத்தாக்குக்குள் போனால்தான் சரளையும், ஆற்றுப் படுகையில் ஏறி இறங்கும் தடமும். அந்தி சாய்ந்த பிறகு ஓட்டாமல் இருந்தால் கங்காருவும் ஈமுவும் பெரும்பாலும் அவை பாட்டுக்குப் போகும். யாழ்ப்பாணத்து அண்ணர் தன் பழைய காம்ரியில்தான் எப்போதும் போய்வருகிறார். அதைச் சொன்னதும் அண்ணனின் முகம் போன போக்கை வீடியோ அழைப்பில் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இந்த அமளியில் என் மாமனார் தனியாக ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டுவிட்டார். ஜார்ஜ் கோய்டர். தென் ஆஸ்திரேலியாவின் சர்வேயர் ஜெனரல். பெரும் வறட்சிக்குப் பின் 1865-ல் குதிரையில் நாடு சுற்றிவந்து, எந்த இடத்தில் பயிர்ப்பச்சை முடிந்து உப்புப்புதர் தொடங்குகிறது என்று செடிகொடியைப் பார்த்தே ஒரு கோடு இழுத்தவர். கோட்டுக்குத் தெற்கே விவசாயம் செய்யலாம். வடக்கே மழையை நம்ப முடியாது, ஆடு மேய்க்கத்தான் சரி. அடுத்த சில வருடங்கள் நல்ல மழை. கோய்டருக்கு ஒன்றும் தெரியாது, உழுதால் மழை பின்னாலேயே வரும் என்று கிளம்பிய ஜனங்கள் கோட்டைத் தாண்டிப்போய்க் கோதுமை விதைத்தார்கள். அரசாங்கமும் வழிவிட்டது. 1880-களில் வறட்சி திரும்பியது. கட்டிய வீட்டைக் கட்டியபடி விட்டுவிட்டுத் தெற்கே வந்தார்கள். இன்றும் அந்தப் பக்கம் கூரை இல்லாத கல்வீடுகள் வெட்டவெளியில் நிற்கின்றன.

“எவ்வளவு பிரஷர் குடுத்திருப்பாங்க அந்த மனுஷனுக்கு!” என்றார் மாமனார். இரவு இரண்டு மணிவரை ஐபேடில் படித்திருக்கிறார். “மாப்ள, கோட்டைக் கொஞ்சம் வடக்கால தள்ளிப் போடுய்யான்னு மந்திரி வீட்லேருந்து ஆள் வந்திருக்கும். நமக்குத் தெரியாதா?” அவர் பணிக்காலத்தில் எந்த ஏரிக்கரைக் கோடு யார் வீட்டுக்காக நகர்ந்தது என்பதை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கோய்டரை ‘நம்ம ஆளு’ என்றுதான் குறிப்பிடுகிறார்.

மலையைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று எனக்கு மனதில் உறுத்தியது. ஆகவே நானும் ஒரு செய்தி போட்டேன். 1946-ல் ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர் எடியாக்கரா குன்றுகளில் பழைய சுரங்கங்களைப் பார்வையிடப் போனவர், கற்பலகையில் மெத்தென்ற உடல்கொண்ட உயிர்களின் தடங்களைக் கண்டார். 55 கோடி வருடத்துக்குப் பக்கமானவை. முதலில் அறிஞர்கள் நம்பவில்லை. கடைசியில் 2004-ல் பூமியின் வரலாற்றில் ஒரு காலகட்டத்துக்கே எடியாக்கரன் என்று அந்தக் குன்றின் பெயரை வைத்தார்கள் என்று பத்தி பத்தியாக எழுதினேன். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் ஸ்ப்ரிக்கின் கண்ணில் அந்தத் தடங்கள் பட்டதாகச் சொல்வார்கள் என்பதையும் சும்மா சேர்த்துவிட்டேன். மதுரை அக்கா அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா! நின்னு நிதானமா சாப்பிட்டாத்தான் எதுவும் கண்ணுல படும். பயணத் திட்டத்துல சாப்பாட்டுக்கு அரைமணி போட்டிருக்கீங்களே, அதை ஒன்றரை ஆக்குங்க.”

ஆக்கினோம்.

எங்கள் குழு விவாதமே இல்லாமல் எடுத்த முடிவு ஒன்றுதான். ஃபிளிண்டர்ஸ் தொடரின் உயர்ந்த சிகரம் வில்பினா பவுண்டின் விளிம்பில் நிற்கும் செயின்ட் மேரி பீக், 1,171 மீட்டர். பவுண்டைத் தூரத்திலிருந்து பார்த்தால் எரிமலை வாய் போல இருக்கும். எரிமலை இல்லை, பாறை அடுக்குகள் மடிந்து எழும்பி, சுற்றிலும் மதிலாக நிற்கின்றன. அந்த மண்ணின் மக்களான அட்ன்யாமத்தன்ஹா அதை இக்காரா என்கிறார்கள். சடங்குக்குக் கூடியவர்களை விழுங்கிய இரண்டு அக்குர்ரா நாகங்கள்தான் அந்த மதில்களாகக் கிடக்கின்றன என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சிகரத்தின் உச்சிக்கு ஏறவேண்டாம் என்று வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். இதை நான் குழுவில் போட்டதும் மாமனார் உடனே எழுதினார்: “சாமி மலை என்றால் அடிவாரத்தில் நின்று கும்பிடுவதுதான் முறை. திருவண்ணாமலையில் சுற்றித்தானே வருகிறோம்.” வரிசையாகக் கைகூப்பிய படங்கள் விழுந்தன. மரியாதை உண்மையானதுதான். கூடவே, ஐம்பதைத் தாண்டிய எட்டு முழங்கால்களின் நிம்மதிப் பெருமூச்சும் எனக்குக் கேட்டது.

போன சனிக்கிழமை எங்கள் பின்கட்டில் டென்ட் ஒத்திகை. பையிலிருந்து வந்த விளக்கத் தாளில் எழுத்தே கிடையாது. சிரித்த முகத்தோடு ஒரு ஆள், அவர் கையில் கம்பி, நாலு அம்புக்குறி. அந்த ஆள் ஏன் சிரிக்கிறார் என்பது அரைமணிக்குப் பிறகும் எங்களுக்கு விளங்கவில்லை. கோவை அண்ணன் நுழைத்த கம்பி ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். விளக்கத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, மூன்றடிக்கு ஒரு முடிச்சு, நாலடிக்கு ஒரு முடிச்சு போட்டு, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று இழுத்துப் பார்த்து மூலைமட்டம் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் ஒரு விரக்கடை தெக்கே” என்று சொல்லச் சொல்ல நான் முளை அடித்தேன். டென்ட் நின்றது. வேலிக்கு அந்தப்புறம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் கட்டைவிரலை உயர்த்தினார். மாமனார் பதிலுக்குக் கும்பிட்டார்.

வெற்றி மயக்கத்தில் மாமனாருக்குப் பயணத் திட்டத்தைத் திருத்தும் உரிமையை என் மனைவி கொடுத்துவிட்டாள். அந்த எக்செல் தாள் இப்போது இப்படி இருக்கிறது: போர்ட் அகஸ்டா, காபி, முறுக்கு. குவோர்ன், பழைய ரயில் நிலையம், கடலை மிட்டாய். கன்யாக்கா, ஆட்டுப்பண்ணையின் இடிந்த சுவர்கள், தயிர்சாதம். ஹாக்கர், பெட்ரோல், பழம். இவற்றுக்கெல்லாம் முன்னால் மாமனார் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார். “கோய்டர் கோடு. சாலையோரம் நினைவுக்கல் இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்தவும். 20 நிமிடம். டேப் எடுத்து வரவும்.”

டேப் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வரியில் சாப்பாட்டுக் கட்டம் காலியாக இருக்கிறதே என்றுதான் மதுரை அக்கா கேட்டார். புளியோதரை என்று ஒரு கட்சி, எலுமிச்சை சாதம் என்று ஒரு கட்சி. ஓட்டெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்து அண்ணர் மட்டும் நடுநிலை.