பெயரளவு

விடுதி அறை ஒன்றில், ராத்திரி பதினொரு மணிக்கு மேல், தமிழ்நாட்டின் பொதுக்கருத்து உருவாகிக்கொண்டிருக்கும். நாலு பேர், நாலு நிறப் பேனா, ஒரு கட்டு கொஸ்டினேர். ஒருத்தர் இல்லத்தரசியாக டிக் அடிப்பார், ஒருத்தர் விவசாயியாக. எல்லாம் ஒரே சாயலில் விழுந்தால் கைடு கண்டுபிடித்துவிடுவாராம். அதனால் நடுநடுவே இடது கையால் ஒரு 'முற்றிலும் மறுக்கிறேன்'. விடிவதற்குள் 400 சாம்பிள் தயார். புரோட்டாச் செலவு பிஎச்.டி. ஸ்காலருடையது. இந்த ராத்திரிக்கு ஆய்வேட்டில் பெயர், 'முதன்மைத் தரவு'.

கொஞ்சம் யோக்கியமான ஸ்காலர் வெயிலில் இறங்குவார். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மாவிடம், தொழிலில் எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்பார். "என்னத்தச் சொல்ல தம்பி, ஏதோ ஓடுது." ஏதோ ஓடுது என்றால் 3, நடுநிலை. விடிகாலையில் தண்டல்காரன் வந்து நின்றது, நேற்றைய மழையில் மல்லி அழுகியது, மகன் பேசாமல் போனது எல்லாம் அந்த 3-க்குள் அடக்கம். "இத எழுதிக்கிட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?" என்று அவர் கேட்பார். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946-இல் 'சயன்ஸ்' இதழில் அளவைகளை நாலாகப் பிரித்தார்: பெயரளவு, வரிசை, இடைவெளி, விகிதம். பஸ் நம்பர் பெயரளவு. 5-ஆம் நம்பரில் ஒருத்தரும் 27-ஆம் நம்பரில் ஒருத்தரும் வந்தால், சராசரியாக 16-ஆம் நம்பரில் வந்தார்கள் என்று சொல்ல எந்தக் கண்டக்டரும் துணியமாட்டார். நம் ஆய்வேடுகள் துணியும். இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3 என்று குறியிட்டு எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால், சராசரி மதம் 1.38 என்று அது முகம் மாறாமல் துப்பும். மதச்சார்பின்மைக்கு இதைவிடத் துல்லியமான இலக்கணம் அரசியல் சாசனத்தில்கூட இல்லை.

திருப்தியோ வரிசை. முதல் ரேங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு மார்க்கும் இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். பூக்கார அம்மாவின் 3 நாலாக வேண்டுமானால் எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்று யாரும் அளந்ததில்லை. ஆனால் அட்டவணையில் சராசரி 3.42, திட்டவிலக்கம் 0.87. பாவம், இந்த ஐந்து கட்ட அளவுகோலைத் தந்த லைக்கர்ட்; 1932-இல் பல கூற்றுகளுக்கான விடைகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு மனப்பான்மையை அளந்தார். இங்கே ஒற்றைக் கேள்விக்கே இரண்டு தசமம். தசமப்புள்ளி என்பது ஆய்வுலகத்தின் விபூதி. நெற்றியில் இருந்தால் வாசலில் யாரும் நிறுத்தமாட்டார்கள்.

எனக்கு வயிறு எரிவது அடுத்த பக்கத்தில்தான். வருமானம் நிஜமான விகித அளவை. அங்கே பூஜ்ஜியம் என்றால் உண்மையிலேயே ஒன்றுமில்லை. ஸ்டீவன்ஸின் ஏணியில் உச்சிப்படி அது. அதைப் பிடித்துக் கீழே இழுத்து, '10,000 ரூபாய்க்குக் கீழ்' என்று ஒரு கட்டமாக்கிவிடுகிறோம். 9,900 சம்பாதிப்பவரும் அன்றைக்கு அடுப்பே எரியாதவரும் அதே கட்டத்தில், தோளோடு தோளாக. கருத்துக்குப் பதவி உயர்வு, பட்டினிக்குப் பதவி இறக்கம். சாதி வாரியாக, வயது வாரியாக எல்லாம் பிரித்துக் காட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு பூஜ்ஜியத்தை மட்டும் பூஜ்ஜியமாக எழுதக் கை வரவில்லை.

பெயரளவு என்ற சொல்லின் முழுப் பொருள் தெரியவேண்டுமானால் கம்மம் போகவேண்டும். 2009-இல், அன்றைய ஆந்திரத்தின் அந்த மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். பாத் என்ற அமெரிக்க அமைப்பு நடத்தியது, ஐ.சி.எம்.ஆர். துணைநின்றது. சோதனை என்றால் சட்டம் வந்து நிற்குமே. 'செயல்விளக்கத் திட்டம்' என்று பெயர் வைத்தார்கள். பலர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த 72-ஆவது அறிக்கையில் கணக்கு இருக்கிறது: ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948-இல் கைநாட்டு, 2,763-இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து. பெற்றவர்கள் தூரத்தில் இருக்க, வார்டன் பேனாவைத் திறந்து ஆயிரக்கணக்கில் அப்பா அம்மா ஆகிவிட்டார். ஊசியைக் குறை சொல்லவில்லை. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் நல்ல ஊசி அது. திட்டக் காலத்தில் சில சிறுமிகள் இறந்தபோது, ஊசிக்கும் அந்தச் சாவுகளுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்றுதான் விசாரணைக் குழுவும் சொன்னது. நல்ல ஊசிக்கே இந்த லட்சணத்தில் சம்மதம் வாங்கினார்கள் என்பதுதான் என் கோபம்.

விடுதி வார்டனும் விடுதி அறை ஸ்காலரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அடுத்தவருக்குப் பதிலாகக் கையெழுத்து, அடுத்தவருக்குப் பதிலாக டிக். இதற்கும் மருந்து கண்டார்கள். 2019-இல் யு.ஜி.சி. ஆய்வு நெறிமுறைக்கென்று 30 மணி நேரப் பாடம் ஒன்றைக் கட்டாயமாக்கியது, 2 கிரெடிட். வருகைப் பதிவேட்டில் யாருக்காக யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.

வைவாவில் வெளித்தேர்வாளர் ஒரு கேள்வி கேட்பார்: ஏன் 400? முந்தைய ஆய்வில் 400 சார். கைதட்டல், பொன்னாடை. ஆனால் அதற்கு முந்தின நாள் ஸ்காலர் ஒரு நிஜமான கணக்கெடுப்பு நடத்தியிருப்பார். வைவா விருந்துக்குச் சைவமா அசைவமா, சிக்கனா மட்டனா? ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, அவரவர் வாயால் சொல்லவைத்து, பெயருக்கு நேராகக் குறித்துக்கொண்டு, ராத்திரி போன் போட்டு மறுபடி சரிபார்த்து. அதில் மட்டும் யாரும் யாருக்காகவும் டிக் அடிக்கமாட்டார்கள். சராசரியும் எடுக்கமாட்டார்கள்.