இருபத்து மூன்றாம் தீர்த்தம்

வங்கியின் தலைமை அலுவலகத்தில், குளிரூட்டிய அறையில் எழுந்தருளியிருக்கும் டிஜிட்டல் மாற்றப் பிரிவு மகாகனம் பொருந்தியவர்களுக்கு, பாம்பன் கருவாட்டு வியாபாரி தெண்டனிட்டு எழுதிக்கொள்வது.

கேஒய்சி புதுப்பிக்க மதினியைக் கூட்டிக்கொண்டு நேற்று தங்கள் கிளைக்கு வந்தேன். தங்கள் கைரேகைக் கருவி மதினியின் பத்து விரலையும் தடவிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு மனுஷியே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. கழுவிட்டு வா என்றார்கள். எண்ணெய் தடவு என்றார்கள். வரிசையில் நின்ற பொடியன் சிரித்தான். மதினி மன்னார் வளைகுடாத் தீவுகளில் பாசி எடுப்பவர். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். பாறை முதலில் துணியைத் தின்னும், அப்புறம் ரேகையை.

ராமநாதசுவாமி கோயிலில் 22 தீர்த்தம் உண்டு. வாளி வாளியாக ஊற்றினால் பாவம் போகும். தாங்கள் கருணையோடு 23-ஆவதாக ஓடிபி தீர்த்தம் கண்டீர்கள். டவர் கிடைக்காத இடத்தில் அது சுரக்காது. 24-ஆவது, சிக்னல் விளக்குப் படங்களைத் தொட்டு மனிதப் பிறவியை மெய்ப்பிக்கும் தீர்த்தம். 25-ஆவது சாட்பாட், எதைக் கேட்டாலும் "உதவுவதில் மகிழ்ச்சி" என்று ஒரு வாளி. மூன்றிலும் முழுகி எழுந்தால் பாவம் அப்படியே இருக்கிறது, கணக்கு மட்டும் முடங்கிவிடுகிறது.

தங்கள் குலத்தின் தீர்க்கதரிசனம் சாமானியமா! காகிதம் ஒழிந்த அலுவலகம் பற்றி 1975-லேயே பிசினஸ் வீக் பத்திரிகை பேசியது. நேற்று ஆதார், பான், பாஸ்புக் மூன்றுக்கும் ஜெராக்ஸ் கொடுத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டோம். கணினி இனி மின்சாரம் மாதிரிப் பொதுச்சரக்கு என்று 2003-ல் நிக்கலஸ் கார் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார். அது அட்சரம் பிசகாமல் பலித்தது. 648 மெகாவாட் கமுதி சூரிய மின்நிலையம் இருக்கிற மாவட்டத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் எப்படி வந்து போகிறதோ, அப்படியே தங்கள் சர்வரும் வந்து போகிறது.

எங்கள் ஊர்க் கலாமும் கணித்தவர்தான். 1998-ல் ஒய்.எஸ். ராஜனோடு 'இந்தியா 2020' எழுதினார். சாலை, இணையம், படிப்பு, தொழில் எல்லாம் கிராமத்தைத் தேடி வரவேண்டும் என்று 'புரா' திட்டத்தையும் சொன்னார். அதற்குக் கிராமத்தாள் விரலில் ரேகை இருக்கவேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்து வளமாவூரில் பாசிப் பூங்காவுக்கு 127 கோடி ஒதுக்க முடிகிறது. பாசி எடுத்த கைக்கு அதன் சொந்தக் காசைக் கொடுக்க முடியாதா? அது மதினி காசு ஐயா. தண்ணிக்குள் மூச்சடக்கிச் சேர்த்தது. நீங்கள் போட்ட பிச்சை இல்லை.

மன்னிக்கவும், வாளி கை தவறி விழுந்துவிட்டது. தங்கள் தீர்த்தப் பெருமை குறையாது.

செயற்கை நுண்ணறிவு வந்தால் கிளையே தேவைப்படாது என்று தங்கள் விளம்பரம் சொல்கிறது. நல்லது. அதற்கு முன் சின்ன விண்ணப்பம். ஆதார் சரிபார்ப்புக்குக் கருவிழியும் முகமும் கூடச் செல்லும். கருவிழி பார்க்கும் கருவி ஒன்று, அதை இயக்கத் தெரிந்த ஆள் ஒருவர், இரண்டையும் இந்தக் கிளைக்கு அனுப்பிவையுங்கள். அமாவாசைக்கு முன்னால் அனுப்புங்கள். அதன்பிறகு பாசிக்குப் போகும் நாள். வரிசையில் நிற்க மதினிக்கு நேரமிருக்காது.