கோழியைக் காப்பாற்றும் ஒரு 'ஸ்'

கேள்வி: பணத்தை எண்ணித்தானே வாங்குகிறோம்? இங்கிலீஷில் 'மனி' மட்டும் எப்படி எண்ண முடியாத பெயர்ச்சொல் ஆனது?

பதில்: வங்கி கேஷியர் நாள் முழுக்க எண்ணுவது நோட்டுகளை. நோட்டு, காயின், ரூபாய் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பன்மை உண்டு. அத்தனையும் சேர்ந்த மொத்தத்துக்குத்தான் 'மனி' என்று பெயர். ஃபர்னிச்சரும் லக்கேஜும் இதே ரகம். நாற்காலியை எண்ணலாம், பெட்டியை எண்ணலாம். தொகுப்பின் பெயரில் 'ஸ்' ஒட்டாது. கடைப் பலகையில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று பார்க்கும்போதெல்லாம் ஏணி வைத்து ஏறி அந்தக் கடைசி எழுத்தை அழித்துவிட்டு வரத் தோன்றுகிறது.

கேள்வி: பொடிப்பொடியாக இருப்பதை எண்ண முடியாது. அதனால்தானே 'ரைஸ்', 'சாண்ட்' எல்லாம் ஒருமை?

பதில்: அளவுதான் காரணம் என்றால் கோதுமையும் ஓட்ஸும் ஒரே வரிசையில் நின்றிருக்கும். 'வீட்' ஒருமை, 'ஓட்ஸ்' பன்மை! பட்டாணியின் கதை இன்னும் ருசியானது. அந்தக் காலத்தில் 'பீஸ்' என்பதே அதற்கு ஒருமை. குவியலுக்கும் அதே பெயர். கடைசியில் கேட்ட ஒலியைப் பன்மை விகுதி என்று மக்கள் நினைத்துக்கொண்டு, 17ஆம் நூற்றாண்டில் அந்த வாலை நறுக்கிப் புது ஒருமையை உண்டாக்கினார்கள். பட்டாணி அன்றும் இன்றும் அதே அளவுதான். எண்ணும் பொருளாக அதை மாற்றியது மக்களின் காது.

கேள்வி: ஒரே சொல் இரண்டு பக்கமும் சேருமா?

பதில்: 'ஐ லைக் சிக்கன்' என்றால் உங்களுக்கு இலை போடுவார்கள். 'ஐ லைக் சிக்கன்ஸ்' என்றால் கூடையைக் கையில் கொடுத்து வளர்க்கச் சொல்வார்கள். ஒரு 'ஸ்' கோழியின் உயிரையே காப்பாற்றிவிடுகிறது. தலையில் எவ்வளவு முடி இருந்தாலும் 'ஹேர்'தான். சாம்பாரில் ஒன்று கிடந்தால் மட்டும் 'எ ஹேர்'.

கேள்வி: 'இன்ஃபர்மேஷன்ஸ்' என்று எழுதிய என் மகனுக்கு மதிப்பெண் போய்விட்டது. 'தகவல்கள்' என்று நாம் சொல்வதில்லையா?

பதில்: சொல்கிறோம். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட அதற்குப் பன்மை உண்டு. உங்கள் மகன் தமிழில் சரியாகத்தான் யோசித்திருக்கிறான், அவனைத் திட்டாதீர்கள். அதே தமிழில் 'கள்' கட்டாயமும் இல்லை. 'பத்து மாம்பழம் வாங்கினேன்' என்றால் 'கள்' எங்கே என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. பால்பகா அஃறிணைப் பெயர் என்று நம் இலக்கணமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இங்கிலீஷ் கணக்கு வேறு. அதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஹார்ன்பி என்ற இங்கிலீஷ் ஆசிரியரும் நண்பர்களும் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளிவந்த அகராதி, எண்ணக்கூடியதற்கு 'சி', முடியாததற்கு 'யு' என்று குறி போட்டது. அதன் வாரிசுதான் இன்றைய ஆக்ஸ்போர்டு மாணவர் அகராதி. பையனுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள்.