உடையார், கிழார், ஜமீன்தார்

கேள்வி: ‘ஜமீன்தார்’ என்றாலே உயர்ந்த வம்சத்தார் என்கிறார்களே, அந்தச் சொல்லுக்குப் பொருளே அதுதானா?
(வாசகர், விக்கிரமங்கலம்)

பதில்: வம்சத்துக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. ‘ஜமீன்’ பாரசீகத்தில் நிலம். ‘தார்’ என்றால் வைத்திருப்பவர். தாசில்தார், சுபேதார், மிராசுதார் எல்லாரிடமும் ஒட்டிக்கொண்டிருப்பது இதே ‘தார்’தான். 1802-இல் சென்னை மாகாணத்தில் கம்பெனி நிரந்தர வரித் திட்டம் கொண்டுவந்தபோது பாளையக்காரர் பலர் ஜமீன்தார் ஆனார்கள். ‘பாளையம்’ என்றால் படைவீடு; பெயரிலிருந்த அந்தப் படை போய் நிலம் வந்தது. அந்நாளில் கிஸ்தி பாக்கி விழுந்தால் ஜமீனே ஏலத்துக்கு வரும்.

கேள்வி: இதற்கு இணையாகத் தமிழில் சொல் உண்டா?

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே ஊர்ப்பெயராக நிற்கிறது, உடையார்பாளையம்! உடையவர் உடையார். சோழர் கல்வெட்டுகள் கோயிலில் இருக்கும் சிவனையும் உடையார் என்கின்றன, கங்கைகொண்ட சோழபுரம் கண்ட ராஜேந்திரனையும் உடையார் என்கின்றன. பின்னாளில் உடையார்பாளையத்துப் பாளையக்காரருக்கும் அதே சொல். அவர்களின் முழுப் பட்டம் ‘காலாட்கள் தோழ உடையார்’. காலாட்படைக்குத் தோழர் என்று சொல்லிக்கொண்ட அந்தப் பட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். உடையாருக்கும் மூத்தவர் கிழார். கிழமை என்றால் உரிமை. சங்கப் புலவர் கோவூர்கிழார் என்றால் கோவூரில் நிலவுரிமை உள்ளவர்; வயதானவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அரியலூர் ஜமீன்தாரை மழவராயர் என்பார்களே?

பதில்: மழவர் சங்க நூல்களில் வரும் போர்க்குடியினர். அவர்களுக்கு அரையர், அதாவது அரசர், மழவராயர். சோழர் காலத்தில் பல்லவராயன், காலிங்கராயன் போல இதுவும் அரசன் அதிகாரிக்குக் கொடுத்த பட்டம். இன்று தஞ்சைப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்குப் பின்னால் பார்க்கலாம். யாரோ ஒருவர் செய்த ஊழியத்துக்குக் கிடைத்தது குடும்பப் பெயராகிவிட்டது.

கேள்வி: ஜமீன்களால் யாருக்காவது நன்மை உண்டா?

பதில்: உழுத குடியானவரைக் கேட்டால் 1948-இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தைத்தான் நன்மை என்பார், அவர் பக்கமே நியாயம். ஆனால் சங்கீதத்துக்கு உடையார்பாளையம் செய்ததை மறக்கக் கூடாது. கனம் கிருஷ்ணையர் அங்கே சமஸ்தான வித்துவான். அவரிடம் குருகுலவாசமாக இருந்து பாட்டுக் கற்றவர் வேங்கடசுப்பையர், உ.வே.சாமிநாதையரின் தந்தை.