காற்று பார்க்கிறவர்

பட்டுக்கோட்டைத் தெருக்களில் இவரிடம் மாட்டாத சைக்கிள் இல்லை. எங்கே நின்றாலும் பின் டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் நகர்வார்.

"காத்து கம்மி தம்பி. கல்லுல ஏறினா ரிம்மு டியூபைக் கடிச்சிடும், ரெட்டை ஓட்டை விழும்."

பேச்சு நியாயம்தான். ஆனால் பயந்துபோய் நிறைய அடித்து வந்தால், "வெயில்ல நின்னா வெடிக்கும்" என்பார். முப்பது டிகிரி டயர் அறுபதுக்குச் சூடானாலும் அழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் ஏறும் என்று வாத்தியார் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இவர் அந்த வாத்தியாருடைய டயரையும் அமுக்கிப் பார்த்தார்.

சீட்டுக்குப் பின்னால் ரெக்சின் பை. உப்புத்தாள், சொலூஷன், ஸ்பேனர், பழைய டியூப் துண்டுகள், மாத்திரை டப்பாவில் வால்டியூப். பாரில் பம்பு. இத்தனை இருந்தும் இவர் வண்டி மட்டும் பஞ்சராவதே இல்லை. அந்த வருத்தம் உள்ளே உண்டு. நெப்போலியனுக்குக் காற்றுப் போனதைக் கொண்டாடி சரபோஜி மன்னர் மனோராவை எழுப்பிய வட்டாரம் இது. அடுத்தவர் டயரில் காற்றுப் போனால் இவர் முகம் மலர்வதில் என்ன தப்பு?

அன்று சிக்கியது ஒரு பிளஸ் ஒன் பெண், அரசு கொடுத்த சைக்கிளோடு. முதலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தார். குமிழி வரவில்லை. டயரைப் பிரித்து, டீக்கடைப் பக்கெட்டில் டியூபை முக்கி ஓட்டையைப் பிடித்தார். டயருக்குள் விரலை ஓட்டிச் சீமைக்கருவேல முள்ளையும் எடுத்தார். கைதேர்ந்த வேலை, மறுக்க முடியாது. உப்புத்தாள் தேய்த்துச் சொலூஷன் தடவியதும்தான் வினை.

"இது காயணும் பாப்பா. ஈரத்தோட ஒட்டினா நிக்காது. காத்தடிச்ச டயரை ஊருக்கே கொண்டாந்த டன்லப் யாரு தெரியுமா? மாட்டு டாக்டரு! 1888ல, பெல்ஃபாஸ்ட்ல, மகனோட மூணு சக்கர சைக்கிளுக்கு..."

"தாத்தா, பெல் அடிச்சிடுவாங்க."

"அதுக்கும் முன்னாடியே தாம்சன்னு ஒருத்தரு..."

தாம்சன் வருவதற்குள் அந்தப் பெண் தோழியின் கேரியரில் ஏறிப் போய்விட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், பின் சக்கரம் கச்சிதமாக நிற்கிறது. முன் டியூப் பக்கெட்டில் கிடக்கிறது.

"எதுக்கும் இதையும் ஒரு தடவை பாத்துடலாம்னு பிரிச்சேன் பாப்பா. உக்காரு, காயட்டும்."