ஒட்டடைக்கு ஒரு தேதி

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் வீட்டு அலங்காரம் என்பது பண்டிகை வரும்போதும், விருந்தாளி வரும்போதும், வீட்டை விற்கும்போதும் நடைபெறுவது. சும்மா, அழகாக இருக்கட்டுமே என்று அலங்கரிப்பவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் பத்திரிகைப் புகைப்படங்களில் மட்டுமே வசிக்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் தயங்குபவர்கள்.

இந்தத் தயக்கத்துக்குச் சோம்பலைக் காரணம் சொல்வது தவறு. வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உரிமையாளரோ, குறைந்தபட்சம் ஒரு வக்கீலோ இருக்கிறார். பிரம்பு அறுந்த நாற்காலி தாத்தா உட்கார்ந்தது. ஓடாத மிக்ஸிக்கு மோட்டார் நன்றாக இருக்கிறது. டிவி வந்த அட்டைப்பெட்டி, வீடு மாற்றும்போது வேண்டியிருக்கும். தூக்கிப் போடுவதற்கு உரியவரின் சம்மதம் தேவை. அவர் திருச்சியில் இருப்பார். போன் செய்தால், "எதையும் தொடாதே, நான் வந்து பார்த்துக்கறேன்" என்பார். எனவே வீட்டை ஒழிக்க நல்ல ரசனை இருந்தால் போதும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதிக்குத் தள்ளிப்போட முடியாத ஒரு தேதி தேவை.

ஜப்பானின் மரி கோண்டோ சொன்ன முறை உலகப் புகழ் பெற்றது. அவருடைய புத்தகம் 2014-இல் ஆங்கிலத்தில் வந்தது. 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரும் வந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தராவிட்டால் நன்றி சொல்லி விடைகொடுக்க வேண்டும். தமிழ் வீடுகளில் இம்முறை முதல் அலமாரியிலேயே சிக்கிக்கொள்கிறது. தளர்ந்துபோன பழைய குக்கர் கேஸ்கட்டை யாரும் மகிழ்ச்சிக்காக வைத்திருக்கவில்லை. அது எதற்காவது உதவும் என்று வைத்திருக்கிறார்கள். இது நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத வாதம். மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதைத் தாமே ஓரளவு கைவிட்டுவிட்டதாக மரி கோண்டோ 2023-இல் சொன்னார். தயங்குபவர்களுக்கு அவர் செய்த ஆகப்பெரிய சேவை இதுதான்.

தேதிகளில் முதன்மையானது போகி. மார்கழியின் கடைசி நாள் என்பதால் அதை ஒத்திப்போட வழியில்லை. வேலை பரணிலிருந்து தொடங்க வேண்டும். பரண் பொதுவாகக் கதவு நிலைக்கு மேலே, ஏழடி உயரத்தில் இருப்பதால், ஏறுவதற்கு ஒரு ஸ்டூலும், ஸ்டூலைப் பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். பிடிப்பவரின் வேலை பிடிப்பது மட்டும்தான் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. இல்லையென்றால் மேலிருந்து இறங்கும் ஒவ்வொரு பொருளையும் அவர் விசாரிப்பார். கொலுப்பெட்டி, சக்கரமில்லாத சூட்கேஸ், வெண்கலப் பானை, தொட்டில் கம்பி, எந்தச் சாதனத்துடன் வந்தது என்று யாருக்கும் தெரியாத தெர்மாகோல் என்று வரிசையாக இறங்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் இறக்குவது தயங்குபவர்களுக்கு உகந்ததல்ல. பாதிப் பரண் கூடத்தில் கிடக்க, அதற்கு நடுவே இடம் ஒதுக்கிப் பொங்கல் பானை வைத்த குடும்பங்கள் உண்டு. மார்கழி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பரண் என்று வைத்துக்கொண்டால் கட்டுக்குள் இருக்கும்.

இறக்கியதைப் பிரிக்கும்போது, காயலான் கடைக்குப் போவது, யாருக்காவது கொடுப்பது என்ற குவியல்கள் சிறியதாகவும், 'பார்க்கலாம்' என்ற குவியல் பெரியதாகவும் அமையும். இதற்குச் சொல்லப்படும் தீர்வு, 'பார்க்கலாம்' பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி, அடுத்த போகி வரை திறக்காவிட்டால் அப்படியே வெளியேற்றுவது. தீர்வில் ஓர் ஓட்டை இருக்கிறது. அடுத்த போகி அன்று உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பெட்டியைத் திறப்பார்கள். திறந்துவிட்டதால் அது பயன்பாட்டில் உள்ள பெட்டியாகிவிடும். உள்ளே இருப்பவற்றின் பட்டியலைப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டிவிட்டால் இந்த ஓட்டை அடைபடும்.

கழித்தவற்றை எரிப்பது முறையல்ல. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களையே தாமதப்படுத்தின. ஒரு வீட்டின் பழைய பாய் ஒரு விமானத்தை நிறுத்தாது. ஊரின் டயர்களும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தால் நிறுத்தும். இரும்பையும் பித்தளையையும் எடைக்குப் போடலாம். பழைய புடவைக்குப் பாத்திரம் தருபவரிடம் மட்டும் கவனம் தேவை. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதை நெய்த கல்யாணப் பட்டைக் கொடுத்துப் பிளாஸ்டிக் பக்கெட் வாங்குவது, அலங்காரக் கலையில் சேராவிட்டாலும் பொருளாதாரத்தில் கட்டாயம் பாடமாக வைக்கத்தக்கது.

பைகள் தனி இனம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. இதனால் வீட்டில் பைகள் குறையவில்லை, துணிக்கு மாறின. கட்டைப் பைகள், ஜவுளிக் கடைப் பைகள், மணமக்கள் பெயர் அச்சிட்ட தாம்பூலப் பைகள் எல்லாம் ஒரு பெரிய பைக்குள் அடைக்கப்பட்டு, சமையலறைக் கதவின் பின்னால் தொங்குகின்றன. கதவு அதனாலேயே முழுதாகத் திறப்பதில்லை. ஓர் ஆணி தாங்குகிற அளவே பைகளின் அளவு என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஒழித்த பிறகு அடுக்குவது. இதில் தமிழ் வீடுகளுக்குப் பயிற்சி இல்லை என்று சொல்ல முடியாது, கொலு இருக்கிறது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் படிகள், அடியில் இரும்பு டிரங்குப் பெட்டி, பெயின்ட் டப்பா, பழைய பாடப்புத்தகக் கட்டு என்று எது இருந்தாலும் மேலே சலவை செய்த ஒரே வெள்ளை வேட்டி, உயரமான பொம்மை பின்னால், குட்டை முன்னால், மேலிருந்து விளக்கொளி. பின்னணிக்கு ஒரே நிறம், உயர வரிசை, ஒளியை ஓரிடத்தில் குவிப்பது என்று இன்டீரியர் டிசைனர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வதில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடுகிறது. வியப்பு என்னவென்றால், இவ்வளவும் தெரிந்த அதே குடும்பம்தான் ஷோகேஸையும் வைத்திருக்கிறது. கன்னியாகுமரிச் சங்கு விளக்கு, பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத ஆக்ரா தாஜ்மகால், மூன்றாம் வகுப்பு மாறுவேடப் போட்டிக் கோப்பை, என்றாவது வரப்போகும் ஒரு பிரமுகருக்காகக் காத்திருக்கும் டீ செட் ஆகியவை அங்கே பஸ்ஸில் நிற்பவர்கள்போல நெருக்கியடித்து நிற்கின்றன. கொலுவுக்கு உள்ள ஒரு நன்மை ஷோகேஸுக்கு இல்லை: விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்துவிடலாம். ஷோகேஸையும் அப்படியே நடத்துவது நல்லது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் பார்வைக்கு வைத்து, மற்றதை உள்ளே வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் பொருள்களுக்கு இடையே காற்றோட்டம் கிடைக்கும். துடைப்பவருக்கும் ஆயுள் கூடும்.

சுவர் நிறத்தைத் தேர்வு செய்வதில் குடும்பம் பெரும்பாலும் வண்ண அட்டையை நம்புகிறது. தபால்தலை அளவில் சாந்தமாகத் தெரியும் நிறம் நாலு சுவரிலும் ஏறியதும் அடர்ந்து, உரக்கப் பேசத் தொடங்கும். இரண்டடிக்கு இரண்டடி பூசி, காலையில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். பெயின்டர் தாமாக ஒரு நிறத்தைப் பரிந்துரைத்தால், முந்தைய வீட்டில் அந்த நிறம் எத்தனை லிட்டர் மிச்சம் என்று நாசூக்காக விசாரிக்கலாம். விளக்கிலும் இதே கவனம் வேண்டும். வழக்கமான வெள்ளை டியூப்லைட் 6500 கெல்வின். அதன் கீழ் எந்தப் பழுப்புச் சுவரும் மருத்துவமனை வராந்தாவாகிவிடும். 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் ஒளி கூடத்துக்கு இதமானது, ஆனால் பெரியவர்கள் "கரன்ட் கம்மியா வருதா?" என்று கேட்பார்கள். இரண்டையும் போட்டு, சுவிட்சை மட்டும் தனித்தனியாக வைப்பதே குடும்ப ஒற்றுமைக்கு ஏற்றது.

படங்களை மாட்டும்போது அவற்றின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது கண்மட்டத்தில், இருக்க வேண்டும். முன்னோர் படங்களுக்கு இவ்விதி பொருந்தாது. அவர்கள் விட்டத்தை ஒட்டி, முன்பக்கம் சாய்ந்து, எல்லோரையும் மேலிருந்து கண்காணிப்பதே மரபு. தினசரி காலண்டரை மறைக்கவும் இதுவரை வழி கண்டுபிடிக்கப்படவில்லை; ராகு காலம் தெரியாமல் விருந்தாளியைக்கூட வழியனுப்ப முடியாது.

பீரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோத்ரெஜ் 1923 முதல் இரும்பு பீரோ செய்துவருகிறது. அது கன்னி மூலையில், வடக்குப் பார்த்துத் திறக்கும்படி நிற்கும். அதே மூலையில் ஜன்னல் இருந்தால், ஜன்னல்தான் விட்டுக்கொடுக்கும். பீரோவை முதலில் நிறுத்திவிட்டு மிச்ச அறையைத் திட்டமிடுவது அறிவுடைமை.

விருந்தாளி வருகைக்கான அலங்காரம் வேறு வகை. அதற்குக் கிடைக்கும் அவகாசம், அவர்கள் தெருமுனையிலிருந்து போன் செய்வதற்கும் காலிங் பெல் அடிப்பதற்கும் இடையில் உள்ளது. தரையில் இருப்பது சோபாவுக்கும், சோபாவில் இருப்பது கட்டிலுக்கும் போக, படுக்கையறைக் கதவு சாத்தப்படும். இதில் தவறில்லை. தவறு நடப்பது பார்வைக் கோணத்தில். வீட்டுக்காரர் எப்போதும் தமக்குரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால், விருந்தாளியின் நாற்காலியிலிருந்து என்ன தெரிகிறது என்பதை அறியாமலே காலம் கழிக்கிறார். ஒருமுறை அங்கே உட்கார்ந்து பார்த்தால் சமையலறைத் தொட்டி, பாதி திறந்த குளியலறை, கொடியில் தொங்கும் பனியன் எல்லாம் நேர்கோட்டில் தெரியும். ஒரு திரைச்சீலையோ, நாற்காலியை இரண்டடி நகர்த்துவதோ போதும். "வீட்டைச் சுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்கும் விருந்தாளிக்குப் "பாப்பா தூங்குது" என்பதே நிலைபெற்ற பதில், பாப்பா இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் வீடுகளிலும் அது செல்லுபடியாகிறது.

பெண் பார்க்க வருபவர்களுக்காகக் கூடத்துக்குப் புதுத் திரை, புது மெத்தை உறை என்று செலவழிப்பவர்கள் குளியலறைத் தாழ்ப்பாளை மறந்துவிடுகிறார்கள். வந்தவர்களில் ஒருவராவது அங்கே போவார். ஈரமில்லாத தரை, புது சோப்பு, துவைத்த துண்டு, விழும் தாழ்ப்பாள் ஆகியவை எந்தச் சரவிளக்கையும்விட மதிப்புக் கூட்டுபவை.

வீட்டை விற்பதற்காக அலங்கரிப்பது அமெரிக்காவில் தனித் தொழில். 1970-களில் சியாட்டில் பகுதியின் பார்ப் ஷ்வார்ஸ் அதைத் தொடங்கிவைத்தவராக அறியப்படுகிறார். குடும்பப் படங்களை அகற்று, பாதிச் சாமான்களை வெளியேற்று, யார் வீடு என்றே தெரியாதபடி செய் என்பது அத்தொழிலின் விதி. இங்கே மாலை போட்ட படத்தைக் கழற்றச் சொல்லும் துணிவு எந்தப் புரோக்கருக்கும் இல்லை. வாங்க வருபவரும் அதைக் குறையாக எண்ணுவதில்லை. அவர் வாசல் எந்தத் திசை, பூஜை அறை எந்த மூலை, தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்து பார்ப்பார். உடன் வந்த சித்தப்பா ஒருவர் பேசாமல் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். அவர் தேடுவது ஈரக்கசிவு. உப்புப் பூத்த சுவரின் மேல் பெயின்ட் அடித்து மறைப்பது பயன் தராது. சில வாரங்களில் அது கொப்புளித்து வரும். கசிவை நிறுத்தி, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுரண்டி, பட்டி பார்த்து, பிறகுதான் நிறம். போர் தண்ணீரால் குழாயில் படிந்த வெள்ளைக் கறையை எலுமிச்சைச் சாறு கரைக்கும். புகைப்படத்தைக் காலை வெயிலில், திரைகளை விலக்கி எடுக்க வேண்டும். பீரோக் கண்ணாடியில் லுங்கியோடு தெரியும் உரிமையாளர் விலையை ஏற்றுவதில்லை.

கடைசியாக ஒழுங்கு செய்ய வேண்டியவை காகிதங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் எல்லாம் ஒரே கோப்பில், பீரோவின் லாக்கரில் இருக்க வேண்டும். லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.